கூட இருக்கிறவருக்கு முதலில் ஒரு முழு ராத்திரி தூக்கம் கொடுங்கள்

வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஒட்டிய காந்தி ரோடு, தோட்டப்பாளையம் பக்கம் விடியற்காலையில் நின்று பாருங்கள். ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் ரிப்போர்ட் பை. கேன்சர் நோயாளியை லாட்ஜில் விட்டுவிட்டு டீ வாங்க வந்த மனைவி, மகன், மருமகள். மேற்கு வங்கத்துக்காரரும் உண்டு, குடியாத்தத்துக்காரரும் உண்டு. நோயாளி சாப்பிட்டாரா என்று கேட்க ஊரே போன் பண்ணும். "நீ எப்பம்மா தூங்கின?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதைத் தயவுசெய்து விடுங்கள். என்ன வேணும் என்று யோசிக்கவே அவருக்குத் தெம்பு இருக்காது. "வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு வர்றேன், மறுநாள் காலை எட்டு வரைக்கும் நான் பாத்துக்கறேன், நீ வேற ரூம்ல போய்ப் படு" என்று சொல்லுங்கள். வேற ரூம் முக்கியம். அதே அறையில் படுத்தால் ஒவ்வொரு இருமலுக்கும் எழுந்து உட்காருவார்.

மாற்று ஆள் வந்தும் தூங்க முடியாமல் போவதற்குக் காரணம், "இந்த மாத்திரை கொடுத்தாச்சா?" என்று அரை மணிக்கொரு போன் வருவதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். மணி, மாத்திரை, சாப்பாடு, தண்ணீர், சிறுநீர், மலம், காய்ச்சல் என்று கோடு போட்டு எழுதி வையுங்கள். முதல் பக்கத்தில் டாக்டர் சொன்ன அவசர எண்ணும், பெரிய எழுத்தில் இதுவும் இருக்கட்டும்: கீமோ நடக்கும் காலம் முழுக்க, எந்த நாளானாலும் காய்ச்சல் 100.4 தொட்டால் பாரசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகிவிடும்.

அடுத்தது இடுப்பு. நோயாளியை அக்குளில் கைகொடுத்துத் தனியாளாக இழுத்து இழுத்தே பலருக்கு முதுகு போகிறது. பருத்திப் போர்வை ஒன்றை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் விரித்து வையுங்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று, ஓரத்தை உடம்போடு ஒட்டச் சுருட்டிப் பிடித்து, முட்டியை மடக்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லித் தூக்கி நகர்த்துங்கள். தரையில் தேய்ப்பது போல இழுத்தால் நோயாளிக்குத் தோல் உரியும். கீமோ முடிந்த 48 மணி நேரத்துக்கு வாந்தி, சிறுநீரைத் தொட கையுறை போடுங்கள். இதை வீட்டில் பலருக்கும் யாரும் சொல்வதே இல்லை.

கூட இருக்கிறவருடைய சொந்த சுகர், பிபி மாத்திரையைப் பேர் எழுதிய தனி டப்பாவில் போட்டு, நோயாளியின் மாத்திரை டப்பா பக்கத்திலேயே வையுங்கள். முதலில் விட்டுப்போவது அதுதான். ஊர் திரும்பிய பிறகு தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சைக்கு வீட்டுக்கே வருகிறார்கள், கேட்டுப் பெறுங்கள். மனசு தாங்கவில்லை என்றால் டெலி மனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். சிகிச்சைக்கு வர ரயில் டிக்கெட் எடுக்கும்போது ஆஸ்பத்திரிச் சான்றிதழைக் காட்டினால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, கூட வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. காட்பாடி வரைக்கும் உட்கார்ந்தே வந்து இடுப்பு ஒடிய வேண்டாம்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் போதும் போதும் என்று சேர்ந்துகிடக்கும். அந்தக் காசில் ஒரு நாள் ரூம் வாடகையைக் கட்டிவிடுங்கள். சளி இருந்தால் வரவே வேண்டாம். வந்தால், உங்களுக்குக் காபி போட அவரை எழுப்பாதீர்கள்.