அந்த வமேனா வீடியோவைப் பகிர்கிறவர்களுக்கு

எந்த வீடியோ என்று சொல்லத் தேவையில்லை. இந்தோனேசியாவின் பாப்புவா மலைநாட்டில் இருக்கிற வமேனாவுக்குப் போய் நம் தமிழ் யூடியூப் தம்பி ஒருவர் எடுத்தது. இந்த வாரம் முழுக்க எல்லோருடைய டைம்லைனிலும் அதுதான் ஓடுகிறது. 'கற்கால மனிதர்களுடன் ஒரு நாள்' என்று தலைப்பு. 'உயிரோடு திரும்புவேனா?' என்று கொட்டை எழுத்தில் தம்ப்நெயில். நேற்று இரவு உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

அந்த மலைமக்கள் கற்காலத்தில் இல்லை. நீங்களும் நானும் இருக்கும் அதே வருஷத்தில்தான் இருக்கிறார்கள். வெளியே எங்கும் தேட வேண்டாம், அந்த வீடியோவிலேயே சாட்சி இருக்கிறது. கரி பூசிய ஆண்கள் ஈட்டியோடு ஓடிவரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பின்னால் வேலியில் ஒரு சிவப்புப் பாவாடை காய்கிறது. இந்தோனேசியா முழுக்க ஆரம்பப் பள்ளிச் சீருடை சிவப்பும் வெள்ளையும்தான். அந்த ஊரிலிருந்து ஒரு பெண் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. 'அந்தப் பள்ளிக்கு வாத்தியார் ஒழுங்காக வருகிறாரா?' என்று தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஈட்டிக்காரர்களின் கோவணமில்லாத உடம்பைச் சுற்றியே கேமரா நின்றது.

நான் பாப்புவாவின் தலைநகர் ஜெயபுராவில் வேலை பார்த்தவன் என்பது பழைய நண்பர்களுக்குத் தெரியும். வமேனா அங்கிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம். பாலியம் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். அரிசி, சிமென்ட், டீசல் எல்லாம் பெரும்பாலும் வானத்திலிருந்துதான் இறங்க வேண்டும். உள்மலை ஊர்களில் பெட்ரோல் லிட்டருக்கு ஒரு லட்சம் ரூபியா வரை விற்ற காலம் உண்டு. அதே பெட்ரோல் அப்போது ஜாவாவில் ஏழாயிரம் ரூபியாவுக்கும் குறைவு. நாடு முழுக்க ஒரே விலை என்ற திட்டத்தை 2016-ல் அப்போதைய அதிபர் ஜோகோவி தொடங்கிவைத்ததே இந்த மலைநாட்டு யாகுகிமோவில்தான். அந்த அளவுக்கு ஊரறிந்த கொடுமை அது. வீடியோவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கூட வேலை பார்த்த, அந்தப் பள்ளத்தாக்கின் தானி இனத்து நண்பன் ஒருவன் தன் ஊருக்குக் கூட்டிப்போனான். ரோடு முடிகிற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு மலையேறி நடந்தோம். அவர்களுடைய ஹொனாய் வட்டமான வீடு. ஜன்னல் கிடையாது, குனிந்துதான் நுழைய வேண்டும். நடுவில் அடுப்பு, மேலே பரண். ராத்திரி குளிர் எலும்பைத் தொடும். அதனால் அடுப்பை அணைக்க முடியாது. அணைக்காவிட்டால் புகை. என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. அவனுடைய அம்மாவுக்கு விடியவிடிய இருமல். காலையில் எதுவுமே நடக்காத மாதிரி எழுந்து தோட்டத்துக்குப் போனார். நோக்கென் என்கிற பின்னல் பையின் பட்டையை நெற்றியில் மாட்டி, முதுகு நிறையச் சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு சரிவில் இறங்கி வந்தார். அதில் முதல் கிழங்கைச் சுட்டுச் சாம்பலைத் தட்டி என் கையில்தான் கொடுத்தார். ஊரில் ஒரு துணை சுகாதார நிலையம் இருந்தது. பூட்டியிருந்தது. மருத்துவ உதவியாளர் எப்போது வருவார் என்று கேட்டேன். நண்பன் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

அந்த அம்மாவின் இருமலுக்கும் கற்காலத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு புகைபோக்கி, திறந்திருக்கிற ஒரு மருந்தகம், சம்பளம் வாங்குகிற இடத்தில் தங்கி வேலை பார்க்கிற ஒரு நர்ஸ். எல்லாமே இந்தக் காலத்துப் பொருள், இந்தக் காலத்து ஆட்கள். அவை வந்து சேரவில்லை. பழியைக் கற்காலத்தின் மேல் போட்டுவிட்டால் வந்து சேராததற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. என் கோபம் அங்கேதான்.

இனி கமென்டில் வரப்போகிறவர்களுக்கு.

'காசு வாங்கிக்கொண்டுதானே ஆடினார்கள்?' ஆமாம், வாங்கினார்கள். நல்ல விஷயம். இன்னும் கூடவே கேட்டிருக்க வேண்டும். சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு விருந்தாளிக்காக வேஷம் கட்டியவர்களை, வருஷம் பூரா அப்படியே இருக்கிறவர்களாகக் காட்டியது யார்?

'மனுஷக்கறி சாப்பிட்டவர்கள்தானே?' எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற, இறந்தவர் உடலை உண்டதால் பரவிய குரு நோய் ஃபோரே மக்களுடையது. அது நியூ கினித் தீவின் மறு பாதி, வேறு நாடு, பாப்புவா நியூ கினி. இறந்த சொந்தக்காரர்களை உண்ட அந்த ஈமச்சடங்கும் 1960 வாக்கிலேயே நின்றுவிட்டது. இவ்வளவுதான் இதற்கு நேரம் ஒதுக்க முடியும்.

அடுத்து வருவதுதான் என்னால் தாங்க முடியாதது. 'அவர்கள் இயற்கையோடு நிம்மதியாக வாழ்கிறார்கள், நாம் ஏன் கெடுக்க வேண்டும்?' நல்லவர்கள், படித்தவர்கள், என் மதிப்புக்குரியவர்களே இதை எழுதியிருக்கிறார்கள். 2023-ல் அதே பாப்புவா மலைநாட்டில் புன்சாக் மாவட்டத்தின் அகண்டுகுமே, லம்பேவி பகுதிகளில் மழை பொய்த்து, இரவில் உறைபனி இறங்கி, வள்ளிக்கொடிகள் கருகின. மண்ணுக்குள் கிழங்கு அழுகியது. வள்ளிக்கிழங்கு நெல் மாதிரி குதிரில் கொட்டிவைக்கிற பயிர் இல்லை. தோட்டம் போனால் சாப்பாடு போயிற்று. பசியிலும் நோயிலும் 6 பேர் செத்தார்கள், அதில் ஒரு குழந்தையும் உண்டு. உணவு ஏற்றிய விமானங்கள் அங்கே இறங்கத் தயங்கின. அதே வருஷம் பிப்ரவரியில் நடுகா மாவட்டத்தில் தரையிறங்கிய ஒரு நியூசிலாந்து விமானியை, பாப்புவாவுக்கு விடுதலை கேட்கிற ஆயுதக் குழு பிடித்துவைத்திருந்தது. அவர் வெளியே வரவே 2024 செப்டம்பர் ஆயிற்று. ஒரு பக்கம் ராணுவம், ஒரு பக்கம் ஆயுதக் குழு, நடுவில் கிழங்குத் தோட்டம். 2018 டிசம்பரில் அதே நடுகாவில் சாலைப் பணியாளர்கள் கொல்லப்பட்டதும் ராணுவம் நுழைந்தது. ஊர் ஊராக ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இதில் எங்கே நிம்மதியைப் பார்த்தீர்கள்?

'அப்படியானால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, பாவம் என்கிறாயா?' அதுவும் இல்லை. அதே தீவு மலைநாட்டின் கிழக்கே, பாப்புவா நியூ கினியில் மவுன்ட் ஹாகன் பக்கம், கூக் சதுப்பு நிலம் இருக்கிறது. ஏழாயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே மண்ணை மேடாக்கி வாழையும் சேம்பும் போட்டார்கள். பிறகு வாய்க்கால் வெட்டி நீர் வடித்தார்கள். யுனெஸ்கோ 2008-ல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பொங்கலுக்கு வாசலில் சாத்துகிறோமே, அந்தக் கரும்பின் மூதாதையைப் பயிராக்கியதும் நியூ கினித் தீவுதான். அந்த இனத்தை நம் நாணல் வகைக் காட்டுக்கரும்போடு கலந்துதான் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் கோ 205 ரகத்தை உண்டாக்கியது. நம் வீட்டு வெல்லத்தில் அவர்களுடைய முன்னோரின் உழைப்பு இருக்கிறது. பாலியத்தில் இன்றைக்கும் வாய்க்கால் சேற்றை வாரித்தான் மேட்டுப்பாத்தியில் போடுகிறார்கள். 1938-ல் அமெரிக்க ஆய்வாளர் ஆர்ச்போல்டின் குழு விமானத்திலிருந்து குனிந்து பார்த்து அசந்துபோனது இந்தப் பாத்திகளைப் பார்த்துத்தான். நம் தம்பி அதே பாத்தியில் நின்றுகொண்டு, 'இவங்களுக்கு விவசாயம்னா என்னன்னே தெரியாது' என்கிறார்.

அப்புறம் அந்தக் கமென்டுகள். குரங்கு என்று எத்தனை பேர், எத்தனை சிரிப்புப் பொம்மை! 2019 ஆகஸ்டில் ஜாவாவின் சுரபாயாவில் பாப்புவா மாணவர்களின் விடுதி வாசலில் நின்று இதே சொல்லைத்தான் கத்தினார்கள். பாப்புவா முழுக்கப் பற்றி எரிந்தது. அடுத்த மாதம் வமேனாவில் கலவரம், 30 பேருக்கு மேல் செத்தார்கள். வெளியூரிலிருந்து வந்து கடை வைத்திருந்தவர்கள் அதில் நிறைய. அந்தச் சொல் எத்தனை உயிரைக் குடித்தது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கருப்புத் தோலுக்காகக் காலமெல்லாம் கேலி கேட்டு வளர்ந்த நம் ஆட்கள் அதையே தமிழில் எழுதிச் சிரிக்கிறார்கள். நண்பன் என் முகநூலில் இருக்கிறான். தமிழ் தெரியாது, ஆனால் மொழிபெயர்ப்புப் பொத்தான் அவனுக்கும் இருக்கிறது. நேற்று அந்த வீடியோ லிங்கை எனக்கு அனுப்பி, 'உங்கள் ஊர்க்காரர்களா?' என்று மட்டும் கேட்டிருந்தான். இன்னும் பதில் போடவில்லை. என்ன போடுவது?

தலைப்பை மாற்றச் சொல்லி, குரங்குக் கமென்டுகளை நீக்கச் சொல்லி அந்த சேனலுக்கு மரியாதையாகவே எழுதினேன். என்னைத் தடை செய்துவிட்டார்கள். சரி, அது அவர்கள் இடம். இது என் இடம். அந்த வீடியோவின் கீழே அந்தச் சொல்லை எழுதியவர்கள் என் நட்புப் பட்டியலிலும் 4 பேர் இருக்கிறீர்கள். அழித்துவிடுங்கள். நாளைக் காலை பார்ப்பேன். அப்போதும் இருந்தால் உங்களை நீக்கிவிட்டுத்தான் அவனுக்குப் பதில் எழுதுவேன்.