துறைமுகத்துக்குத் துறைமுகம் அரை வயிறு

லட்சக்கணக்கில் கட்டி மத்தியதரைக்கடல் க்ரூஸ் போகிறார்கள். ரோம், நேப்பிள்ஸ், பார்சிலோனா, மார்செய் என்று சாப்பாட்டுக்கே பேர்போன ஊர்களாகப் பார்த்துக் கப்பலும் நிற்கிறது. இறங்கினவர்கள் சாப்பிடுவது என்ன? ரயில் நிலையத்தில் காய்ந்துபோன சாண்ட்விச். இல்லாவிட்டால் போட்டோ ஒட்டிய மெனுவைக் காட்டிக் கையைப் பிடித்து இழுக்கும் கடையில் மைக்ரோவேவில் சூடாக்கிய பயேயா என்ற ஸ்பானிஷ் சோறு. அதுவும் இல்லையா, "கப்பல்லதான் ஃப்ரீயா போடுறானே" என்று ஒரு மணிக்கே திரும்பி ஓடி பஃபே வரிசையில் தட்டோடு நிற்பது. நேப்பிள்ஸில் கப்பல் நிற்பதே ஊரின் நடுவில், பத்து நிமிஷம் நடந்தால் விறகடுப்பு பீட்ஸா. அங்கேயும் பஃபேக்குத் திரும்பி ஓடுகிறவர்களை என்ன சொல்வது!

ஆனால் பயணியை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. கப்பலின் நேரத்துக்கும் ஊரின் அடுப்பு எரியும் நேரத்துக்கும் ஒத்தே வராது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. பெரும்பாலான நிறுத்தங்கள் காலை 8 முதல் மாலை 5 அல்லது 6 வரை. புறப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் ஏறியாக வேண்டும். காலை ஏழுக்கே கப்பலில் சாப்பிட்டு இறங்கினவருக்குப் பதினொன்றரைக்குப் பசிக்கும். இத்தாலியில் சமையலறை திறப்பது 12.30, மூடுவது 2.30, மறுபடி இரவு ஏழரைக்குத்தான். ஸ்பெயினில் மதியச் சாப்பாடே ஒன்றரைக்கு மேல். அப்படியிருக்க, பதினொன்றரைக்கும் நாலு மணிக்கும் கதவைத் திறந்துவைத்து "வாங்க, வாங்க" என்கிற கடை யாருக்காக நடக்கிறது? உள்ளூர்க்காரர் அந்த நேரத்தில் சாப்பிட உட்காருவது அபூர்வம். இத்தாலியில் "நாள் முழுக்கச் சமையல்" என்று பலகை தொங்கினால் அதைப் பெரும்பாலும் எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரோமையே எடுத்துக்கொள்வோம். பிரசுரத்தில் "ரோம்" என்று போட்டிருப்பான். கப்பல் நிற்பது 70 கிலோமீட்டருக்கு அப்பால், சிவிதாவெக்கியாவில். துறைமுக வாசல் வரை ஷட்டில் பஸ், அங்கிருந்து ரயில் நிலையத்துக்குப் பதினைந்து இருபது நிமிஷ நடை, அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயில். காகித டிக்கெட்டை ஏறுமுன் மெஷினில் முத்திரை குத்தாவிட்டால் அபராதம். எட்டு மணிக்கு இறங்கினவர் ஊருக்குள் கால் வைக்கப் பத்து ஆகிவிடும். மூன்றரைக்குள் திரும்பும் ரயிலில் இருந்தால்தான் நெஞ்சு படபடக்காது. ஆக, உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட இருக்கிற வாசல் ஒன்றே ஒன்று: 12.30. முன்பதிவும் அந்த நேரத்துக்கே. "கொலோசியம் பார்த்துட்டு ஒண்ணரை மணிக்குப் போலாம்" என்றால் அப்போது உள்ளே உள்ளூர் அலுவலகக் கூட்டம் நிரம்பியிருக்கும், வெளியே நீங்கள் நிற்பீர்கள்.

இன்னொரு கொடுமை, எல்லோரும் கடைசி நிலையமான டெர்மினிக்கே போய் அதைச் சுற்றியே சாப்பிடுவது. அதே ரயில் அதற்கு முன்னால் சான் பியத்ரோ, திரஸ்தேவெரே, ஒஸ்தியென்ஸே எல்லாவற்றிலும் நிற்கிறது ஐயா! ஒஸ்தியென்ஸேயில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் தெஸ்தாச்சோ சந்தை. பழைய கசாப்புக் கூடம் இருந்த வட்டாரம். இறைச்சியை மெதுவாக வேகவைத்து, ரொட்டியை அதன் சாற்றில் தோய்த்துக் கொடுப்பார்கள். முன்பதிவு வேண்டாம், 12.30 வரை காத்திருக்கவும் வேண்டாம். பீட்ஸாவை எடை போட்டு விற்கும் கடைகளும் காலையிலிருந்தே திறந்திருக்கும். கத்தியை வைத்து "இவ்வளவா?" என்று கேட்பார்கள், ஒரு ஆளுக்கு 200 முதல் 250 கிராம் போதும். உட்கார்ந்து பாஸ்தா சாப்பிடுவதானால் ஒன்று: கார்பொனாராவில் க்ரீம் மிதந்தால் அந்தச் சமையலறை உங்களைப் போன்றவர்களுக்காகவே நடக்கிறது. அதில் இருக்க வேண்டியது முட்டை, பெகொரீனோ சீஸ், பன்றிக் கன்ன இறைச்சி, மிளகு. அவ்வளவுதான்.

"மதிய உணவு உட்பட" என்று கப்பலே விற்கும் எக்ஸ்கர்ஷன், அதாவது கரையில் ஊர் சுற்றிக்காட்டும் பயணம், இருக்கிறதே, அது தனி வேதனை. ஒரே பஸ்ஸில் வரும் நாற்பத்தைந்து பேரை ஒரே நேரத்தில் உட்காரவைத்து ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிடக்கூடிய இடம் எதுவோ அதுதான் தேர்வாகும். ருசி அந்தக் கணக்கில் வருவதே இல்லை. மொத்தமாக வேகவைத்துச் சூடாக்கி வைத்த பாஸ்தா, மேலே தக்காளி சாஸ், ஒரு துண்டு கோழி, கொஞ்சம் சாலட் இலை. நம் ஊர் டூர் கம்பெனிகள் ரோமிலும் தால், ரொட்டி போட்டுப் பஸ்ஸில் ஏற்றிவிடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அடுத்து பில். "மெனுவில் போட்டது ஒன்று, வாங்கினது ஒன்று" என்று கத்துகிறவர்களில் பாதிப் பேர் மெனுவைக் கடைசி வரி வரை படித்ததில்லை. இத்தாலியில் கொப்பெர்த்தோ என்று ஆளுக்கு இரண்டு, மூன்று யூரோ மேசைக் கட்டணம் உண்டு, அது மெனுவிலேயே இருக்கும். அதற்குமேல் டிப்ஸ் என்று 15 சதவீதம் வைக்க அங்கே வழக்கமே இல்லை. பெரிய அடி விழுவது மீனில். மெனுவில் மீனுக்கு நேரே 6 யூரோ என்றிருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில் "எத்தோ". எத்தோ என்றால் 100 கிராம். தலை, முள் எல்லாம் சேர்த்துப் பச்சையாக நிறுத்த எடைக்குக் கணக்கு. ஒரு கிலோ இருநூறு கிராம் மீனைத் தட்டில் காட்டும்போது தலையாட்டிவிட்டால் 72 யூரோ. காட்டும்போதே "குவாந்தோ பேஸா?" என்று எடையைக் கேட்டு, மொத்த விலையைத் தாளில் எழுதித் தரச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது ஃப்ரீசர் சரக்கு. காபியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. கார்டு மெஷின் "ரூபாயா, யூரோவா?" என்று கேட்டால் எப்போதும் யூரோ, மற்றதை அழுத்தினால் மாற்று விகிதத்தில் உரிக்கிறான். பிரான்ஸில் ஜாடித் தண்ணீர் இலவசம், ஸ்பெயினிலும் 2022 சட்டப்படி குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும். கேட்காவிட்டால் பாட்டிலைத் திறந்து வைத்துவிடுவார்கள்.

இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் நிற்கும் கப்பலிலிருந்து எல்லோரும் ஃப்ளாரன்ஸுக்குப் பறக்கிறார்கள். ஓவியம் பார்க்கப் போகிறவர் போகட்டும். சாப்பிடுவதற்காகப் போகிறவருக்குத்தான் சொல்வது: ஷட்டில் பஸ் இறக்கிவிடும் இடத்துக்குப் பக்கத்திலேயே 19-ஆம் நூற்றாண்டின் பெரிய மூடிய சந்தை இருக்கிறது, மதியம் வரைதான். கச்சூக்கோ என்ற மீன் குழம்பு இந்த ஊர்ச் சொத்து. குறைந்தது ஐந்து வகை கடல் சரக்கு சேர்ந்து, பூண்டு தேய்த்த ரொட்டிமேல் வரும். சைவர்களுக்கு இந்தக் கரை முழுக்கக் கொண்டைக்கடலை மாவுதான் கைகொடுக்கும். லிவோர்னோவில் அந்த மாவை அடுப்பில் தட்டையாகச் சுட்டு, மிளகு தூவி ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். ஜெனோவா, சவோனாவில் ஃபரினாத்தா, நீஸில் சொக்கா, மார்செயில் பொரித்த பனீஸ். மாவு, தண்ணீர், உப்பு, எண்ணெய் தவிர வேறொன்றுமில்லை. இதை விட்டுவிட்டு "வெஜ் எதுவுமே கிடைக்கல" என்று சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறவர்களைப் பார்த்தால்! அதே ஆள் ஸ்பெயினின் பால்மா துறைமுகத்தில் என்சைமாடா என்ற சுருள் ரொட்டியை இரண்டாக வாங்கித் தின்பார். மரபான என்சைமாடாவில் போடுவது பன்றிக் கொழுப்பு. பெகொரீனோ, பார்மிஜானோ சீஸ்களிலும் விலங்கு ரெனெட் (பாலைத் திரிக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுப்பது) உண்டு. கறார் சைவர்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பார்சிலோனாவில் பதினொரு மணிப் பசிக்கு ரம்ப்லா தெருவில் பயேயா தின்பது தண்டம். நல்ல பயேயா ஆர்டர் கொடுத்தபின் அரிசி போடுவது, அரை மணி நேரமாவது ஆகும், பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறைந்து செய்யமாட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் மேசைக்கு வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று நீங்களே யோசியுங்கள். கத்தலோனியர்களுக்கு முள்கரண்டிக் காலைச் சாப்பாடு என்று ஒரு வழக்கம் உண்டு: காலை ஒன்பது, பத்து மணிக்கே குடல், பயறு, சாசேஜ் என்று கனமான தட்டு. சந்தை பார்களில் கிடைக்கும். கப்பல்காரருக்கென்றே அளந்து வைத்ததுபோன்ற நேரம், ஒரு எக்ஸ்கர்ஷன் தாளிலாவது அது இருக்கிறதா? பூயாபேஸ் என்பது மார்செயின் பேர்போன மீன் குழம்பு. 20 யூரோவுக்கு "பூயாபேஸ்" என்று பலகை வைத்தால் அது வெறும் மீன் சூப். 1980-இல் ஊர்ச் சமையல்காரர்கள் சேர்ந்து எழுதிய சாசனப்படி நாலு வகை மீனாவது வேண்டும். உண்மையானது விலை மூன்று மடங்கு, பல இடங்களில் முதல் நாளே சொல்லிவைக்கவும் வேண்டும்.

"வெனிஸ்" என்று டிக்கெட்டில் போட்டு வேறு ஊரான ரவென்னாவில் இறக்கிவிடுவது இன்னொரு கூத்து. 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் வெனிஸின் ஜூதேக்கா கால்வாய்க்குள் வரக் கூடாது. ரவென்னாவிலிருந்து பஸ்ஸில் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. அன்றைக்கு வெனிஸில் ஒழுங்கான சாப்பாட்டை மறந்துவிடலாம். ரவென்னாவிலேயே இருந்தால் தட்டு ரொட்டி பியாதீனா சுடச்சுடக் கிடைக்கும் (அதிலும் பன்றிக் கொழுப்பு உண்டு, ஆலிவ் எண்ணெயில் செய்ததைக் கேளுங்கள்). கிரீஸில் சமையலறை நாள் முழுக்கத் திறந்திருப்பதால் நேரப் பிரச்சினை இல்லை. ஆனால் சான்டோரினி தீவில் ஊர் மலைமேல், அங்கே கேபிள் கார் வரிசைதான் எமன். கீழே இறங்கவே ஒரு மணி நேரம் போகலாம். சீக்கிரம் ஏறி, சீக்கிரம் சாப்பிட்டு இறங்குங்கள். பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தரும் ஃபாவா, தக்காளி வடை இரண்டையும் விடாதீர்கள்.

கப்பலில் முதல் நாள் மாலை "நாளைய துறைமுகம்" என்று ஒரு உரை வைப்பார்கள். நகைக்கடை, தோல்கடைக்கெல்லாம் வரைபடம் கையில் கொடுப்பார்கள். பார்சிலோனாவின் பொக்கேரியா சந்தையும் ரோமின் தெஸ்தாச்சோவும் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்ற ஒரு வரியைச் சொல்ல வாய் வராது. ஞாயிறு படகு போகாததால் திங்களன்று மீன் கடைகள் காலி, பல மீன் உணவகங்களும் விடுமுறை என்பதையும் சொல்லமாட்டார்கள். டிக்கெட் போடும்போதே எந்தத் துறைமுகம் எந்தக் கிழமையில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள், லிவோர்னோ ஞாயிறில் விழுந்தால் சந்தை இருக்காது, அன்றைக்கு ஃப்ளாரன்ஸுக்கே போய்த் தொலையலாம்.