250-க்கு இறங்கும் மோட்டாருக்காகக் காத்திருக்கிறேன்

நேற்று ராத்திரி மருமகன் அமெரிக்காவிலிருந்து ஒரு படம் அனுப்பினான். மரப்பெட்டி, மேலே பிளாஸ்டிக் சுற்று, பக்கத்தில் அவன் கை. "மாமா, பேக் பண்ணியாச்சு. ஃபிரெண்டு சாமானோட கண்டெய்னர்ல ஏத்திட்டோம்." தூத்துக்குடியில் இறங்கி, அங்கிருந்து மதுரைக்கு வர வேண்டும். ஆவணிக்குள் வந்துவிடும் என்கிறான். அந்தப் படத்தை இதுவரை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

பெட்டிக்குள் இருப்பது ஷாப்ஸ்மித் என்ற அமெரிக்க மரவேலை மெஷினின் எலக்ட்ரானிக் மோட்டார் தலைப்பகுதி. அங்கே ஒரு பெரியவர் பயன்படுத்தியதை விலைக்கு வாங்கியிருக்கிறான்.

திருநகரில் என் வீட்டுப் பின்பக்கத் தகர ஷெட்டில் நிற்கும் ஷாப்ஸ்மித் மார்க் 5-ஐ நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். மச்சான் ஒஹாயோவிலிருந்து ஊர் திரும்பியபோது வீட்டுச் சாமானோடு கொண்டுவந்து எனக்குக் கொடுத்தது. ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் வடிவமைத்து 1947-ல் முதல் ஷாப்ஸ்மித் விற்பனைக்கு வந்தது. மார்க் 5 வந்தது 1953-ல். ஒரே மோட்டார், ஒரே தண்டு. கடைசல், வட்ட ரம்பம், உப்புத்தாள் தட்டு, படுக்கைவாட்டில் துளை, அப்படியே நிமிர்த்திப் பூட்டினால் நின்றவாக்கில் துளை என்று ஐந்து வேலை. ஒரு சைக்கிள் நிறுத்துகிற இடம் போதும். எழுபது வருஷமாக அந்த அடிப்படை மாறவில்லை என்றால் யோசித்து வடிவமைத்தவரின் அருமை புரியும். நான் அதை மதிக்கிறேன்.

ஆனால் அதன் உயிர் வேகத்தில் இருக்கிறது. பெரிய மரக் கிண்ணம் கடைய மெதுவாகச் சுற்ற வேண்டும், ரம்பத்துக்கு வேகம் வேண்டும், மரத்தில் பள்ளம் வெட்டும் ரூட்டர் பிட்டுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். மார்க் 5 இதை விரிந்து சுருங்கும் இரண்டு புல்லிகளை வைத்துச் சமாளிக்கிறது. ஒரு புல்லியின் இரண்டு தட்டுகளும் நெருங்கினால் பெல்ட் மேலேறும், விலகினால் கீழிறங்கும். டயலைத் திருப்பினால் 700 ஆர்பிஎம்மிலிருந்து, அதாவது நிமிஷத்துக்கு 700 சுற்றிலிருந்து, 5200 வரை. அந்தக் காலத்துக்கு அற்புதமான வேலை.

அது அமெரிக்கக் கணக்கு. நம் ஊர்க் கணக்கு வேறு. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்தச் சாதாரண இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பின்பற்றித்தான் ஓடும், ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். 3450-ல் ஓட வேண்டியது 2875 சுற்றில் ஓடுகிறது. டயலில் 5200 என்று இருந்தால் உண்மையில் சுமார் 4330. வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் வேறு. வெறும் 115-க்கு இறக்கினால் போதாது. ஹெர்ட்ஸ் குறைந்தால் வோல்ட்டையும் அதே விகிதத்தில் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் இரும்பு சூடேறித் தகிக்கும். இது தெரியாமல் முதல் வருஷம் ஓட்டினேன். மோட்டார் மேல் கை வைக்க முடியாது. இப்போது 100 வோல்ட்டுக்குச் சொல்லிச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அதற்கு முந்தையதை ஒரு கடைக்காரர் செம்புக் கம்பி என்று சொல்லி விற்றார். எரிந்து பிரித்தபோது உள்ளே அலுமினியம். ஆக, ஒன்றே அரைக்கால் குதிரைத்திறன் என்று எழுதியிருக்கும் மோட்டாரிடம் அவ்வளவும் எனக்குக் கிடைத்ததே இல்லை.

போன மாசம் அவனியாபுரம் பக்கம் ஒரு வீடு கட்டும் இடத்தில் பூவரசு ஒன்றைச் சாய்த்தார்கள். அடிமரத் துண்டு கேட்டு வாங்கி வந்தேன். 15 அங்குல வட்டமாக நறுக்கி மெஷினில் ஏற்றினேன். பச்சை மரம், ஒரு பக்கம் வயிரம், மறுபக்கம் வெளிறிய மென்மரம், எடை சமமே இல்லை. டயல் அடிமட்டத்தில். அப்படியும் அதன் விளிம்பு மணிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. மெஷின் சிமெண்ட் தரையில் தத்தித் தத்தி நகர்ந்தது. கால்களில் நாலு மணல் மூட்டை போட்டேன், அப்போதும் ஆட்டம். உளியை வைத்தால் டொக், டொக் என்று அடிக்கிறதே ஒழியச் சீவவில்லை. நிறுத்திவிட்டேன். இதே துண்டு 250 ஆர்பிஎம்மில் சுற்றினால் விளிம்பு வேகம் 18 கிலோமீட்டர். ஒரு மனுஷன் சைக்கிள் மிதிக்கிற வேகம்! அந்த வேகத்தில் உருண்டையாக்கிக்கொண்டு பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பழைய அமைப்பில் மெஷின் ஓடும்போதுதான் டயலைத் திருப்ப முடியும். நின்ற பிறகு திருப்பினால் உள்ளே பாகம் உடையும். நம் ஊரில் கரண்ட் நம்மைக் கேட்டுவிட்டா போகிறது? பங்குனியில் ஒரு மத்தியானம் ரம்பத்தில் தேக்குச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ரம்பம் நின்றது. ஸ்விட்ச்சை அணைக்க மறந்து மேசை மேல் கிடந்த தூளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்தது. அறுத்துக்கொண்டிருந்த அதே வேகத்துக்கு ரம்பம் எழும்பியது. என் விரலுக்கும் அதன் பல்லுக்கும் நாலு விரற்கடை இடைவெளி. அன்றைக்கு மேற்கொண்டு வேலை செய்யவில்லை.

இப்போது வருகிற மோட்டார் 2010-ல் பவர்புரோ என்ற பெயரில் வந்தது. மோட்டார் நுட்பம் நியூசிலாந்தின் டெக்னாடூல் கம்பெனியுடையது, அவர்களுடைய நோவா கடைசல் மெஷின்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே சுழலும் பாகத்தில் காந்தமும் இல்லை, காயிலும் இல்லை. பற்கள் வெட்டிய இரும்புத் தகடுகளின் அடுக்குதான். சுற்றியிருக்கும் காயில்களுக்குக் கன்ட்ரோலர் முறை வைத்து மின்சாரம் கொடுக்க, அவை பற்களை அடுத்தடுத்து இழுக்கின்றன. சுழலி எந்த இடத்தில் நிற்கிறது என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும். சுமை ஏறினால் அந்த நொடியே கூடுதல் கரண்ட். வருகிற ஏசியை முதலில் டிசியாக்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவதால் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்ற பேச்சே கிடையாது. 220 வோல்ட்டில் ஓட்டலாம். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிடுவேன். 250-லிருந்து 10,000 வரை வேகம். கரண்ட் போய் வந்தாலும் பொத்தானை அழுத்தினால்தான் சுழலும். அந்தப் பங்குனி மத்தியானத்துக்குப் பிறகு இந்த ஒரு வசதிக்கே முழு விலையும் கொடுப்பேன்.

பின்பக்கமாகவும் சுற்றும். கிண்ணத்துக்கு உப்புத்தாள் போடும்போது ஒரே திசையில் படுத்துவிடும் நார், எதிர்த்திசையில் சுற்றினால் எழுந்து அறுபடும். பல கடைசல் மெஷின்களில் தண்டு மரை போட்டது, எதிராகச் சுற்றினால் மரத்தைப் பிடித்திருக்கும் சக் கழன்றுவிடும். ஷாப்ஸ்மித்தின் தண்டு மரையில்லாதது, ஆலன் ஸ்குரூ வைத்து இறுக்குவது. அந்தப் பயம் இல்லை.

எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி இதைக் கேட்டுவிட்டுக் கேட்டார்: "அண்ணே, மோட்டார் எரிஞ்சா காயில் கட்டிக்கலாம். போர்டு எரிஞ்சா என்னத்தக் கட்டுவீங்க?" நியாயமான கேள்வி. அவர் சொன்ன மாற்று வழி, இங்கேயே மூன்று ஃபேஸ் மோட்டார் வாங்கி, ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி டிரைவ் மாட்டுவது. விலை குறைவு, கோயம்புத்தூரில் எல்லாம் கிடைக்கும். நானும் ரொம்ப நாள் அதைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் சாதாரண மோட்டாரை டிரைவில் போட்டுப் பாதி வேகத்துக்கு இறக்கினால் சக்தியும் பாதியாகிவிடும். புல்லியில் இறக்கும்போது வேகம் குறைகிற அளவுக்கு முறுக்குவிசை கூடும். டிரைவில் அப்படிக் கூடுவதில்லை. மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகிச் சூடேறும். பூவரசுத் துண்டில் உளி ஆழமாகப் பிடிக்கும்போதுதான் இந்த வித்தியாசம் கையில் தெரியும். டிரைவ் போடுகிறவர்கள் படிப்படியான புல்லியைக் கழற்றிவிடாதீர்கள், இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

எனக்கு உண்மையான ஆதங்கம் வேறு. ஆசாரியிடம் இருக்கும் மல்டி பர்பஸ் மெஷினைப் பாருங்கள். நம் நாட்டில் செய்தது, வார்ப்பிரும்பு மேசை, உழைப்புக்கு அஞ்சாதது. ஆனால் இழைக்கிற தண்டின் முனையிலேயே துளை பிட்டைப் பிடிக்கும் 'சக்'கையும் மாட்டி வைத்திருக்கிறார்கள். இழைப்புக்கு எந்த வேகமோ துளைக்கும் அதே வேகம். அவர் வாகைக் கால்களில் துளை போடும்போது பட்டறை முழுக்கப் புகை, கருகிய வாசம். பிட்டின் முனை நீலம் பாரித்துக் கிடக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை சாணை பிடிக்கிறார். இதை அவர் குறையாகவே நினைக்கவில்லை, மெஷின் என்றால் அப்படித்தான் என்று பழகிவிட்டார்.

அதே பட்டறைக் கூரையில் எலக்ட்ரானிக் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் ஓடுகிறது. ரிமோட்டில் வேகம் கூட்டுகிறார், குறைக்கிறார். பழைய ஃபேன் 75 வாட் இழுத்த இடத்தில் இது முப்பதுக்குள். எலக்ட்ரானிக் மோட்டார் நமக்கு எட்டாத விஷயமே இல்லை. காற்று வாங்க அது வேண்டும், சோறு போடுகிற மெஷினுக்கு வேண்டாமா? நம் மெஷின் கம்பெனிகள் குதிரைத்திறனைப் பெரிய எழுத்தில் போட்டு விற்பதை நிறுத்தி, வேக வரம்பு என்ன என்று எழுதி விற்கட்டும். வாங்குகிறவர்களும் கேளுங்கள்: துளைக்கு எவ்வளவு, இழைப்புக்கு எவ்வளவு, கரண்ட் வந்ததும் தானாக ஓடுமா? நாலு பேர் கேட்டால் அஞ்சாவது ஆளுக்குச் செய்து கொடுப்பார்கள்.

பூவரசுத் துண்டு வெடித்துவிடாமல் இருக்க வெட்டுமுகத்தில் மெழுகு தடவி, சாக்குக்குள் மரத்தூளோடு புதைத்து வைத்திருக்கிறேன். தனி லைன் இழுத்தாகிவிட்டது, எர்த்தும் புதிதாகப் போட்டாயிற்று. இடி மின்னலுக்குப் பாதுகாப்பாக ஒரு சர்ஜ் புரொடெக்டர் வாங்க வேண்டும். ஆசாரி கேட்ட கேள்விக்குத்தான் இன்னும் பதில் கிடைக்கவில்லை. கே.புதூர், கப்பலூர் சிட்கோ பக்கம் மோட்டார் கன்ட்ரோலர் போர்டைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்தவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். பெட்டி வருவதற்கு முன்னாலேயே போய்ப் பார்த்துப் பேசி வைத்துவிடுகிறேன்.