தெரமின் அளப்பது அசைவை அல்ல
லெவ் தெரமின் (1896–1993) உருவாக்கிய, தொடாமலேயே வாசிக்கும் தெரமின் என்ற மின்னணு வாத்தியத்தை 'கை அசைவை உணரும் சென்சார்' என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது சரியல்ல. கையை அசைக்காமல் நிறுத்தினாலும் சுரம் நீடித்து ஒலிக்கும்; அது பார்ப்பது ஆன்டெனாவுக்கும் கைக்கும் உள்ள தூரத்தை. உள்ளே இரண்டு ஆசிலேட்டர்கள், அதாவது மின் அலைவுகளை உண்டாக்கும் சுற்றுகள். உதாரணமாக ஒன்று 170 கிலோஹெர்ட்ஸில் நிலையாக ஓட, கை நெருங்கியதும் மற்றது 169.56க்கு இறங்கினால், வித்தியாசமான 440 ஹெர்ட்ஸ் காதில் விழும். கைக்கும் ஆன்டெனாவுக்கும் இடையிலான மின்தேக்கத்தில் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறனில்) மிகச் சிறிய மாற்றமே இதற்குப் போதும் என்பதால் வாசிப்பவர் லேசாகச் சாய்ந்தாலே சுருதி விலகிவிடும், பக்கத்தில் ஆள் நடந்தாலும் அப்படித்தான். இரண்டு ஆசிலேட்டர்களுக்கும் இடையே ஷீல்டிங் (ஒன்றின் மின்புலம் மற்றதைத் தொடாதபடி தடுக்கும் மறைப்பு) சரியில்லை என்றால் கீழ் சுரங்களில் ஒன்றையொன்று இழுத்து ஒரே அதிர்வெண்ணில் ஒட்டிக்கொள்ளும், சத்தமே வராது. இடது கைக்கு வளைய ஆன்டெனா. நெருங்கினால் ஒலி அடங்கும். ராணுவத்தில் ரேடியோ வேலை பார்த்த, செல்லோ பயின்ற தெரமின் போன்ற பொறியாளருக்குத்தான் இப்படித் தோன்றும்!