ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலுள்ள ஓல்ட் கோர்ஸ் என்ற கோல்ஃப் மைதானம் பக்கத்து ரிசார்ட்டுக்குச் சொந்தம் என்பதுபோல், அதைப் பற்றிய உங்கள் கட்டுரையில் வந்திருக்கிறது. அப்படியில்லை, அது பொது நிலம். 17-வது குழியை ஒட்டி ஓல்ட் கோர்ஸ் ஹோட்டல் நிற்பதால் வரும் குழப்பம் இது. அங்கே அறை எடுக்காதவர்களும் குலுக்கலில் பெயர் கொடுத்து ஆடலாம். கட்டணம் மட்டும் கொஞ்சம் வலிக்கும்!

நான் போனது ஒரு ஞாயிறு. அன்று வழக்கமாக ஆட்டம் கிடையாது. புல்வெளியில் ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். படங்களில் பெரிதாகத் தெரியும் ஸ்வில்கன் பாலம், மைதானத்து ஓடைமேல் இருக்கும் கல் பாலம், நேரில் பத்தே எட்டில் கடந்துவிடலாம். அதன்மேல் ஒரு ஈர நாய் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

அப்புறம், ஆட்டத்துக்கு 18 குழி என்ற கணக்கே 1764-இல் இங்கே 22-ஐக் குறைத்ததில் வந்தது. அதையும் எழுதியிருக்கலாம்.