‘வெளியேற்று’ என்றால் எதை?
கணினியிலிருந்து பென்டிரைவைக் கழற்றும் முன் அழுத்துகிற ‘Eject’ பொத்தானில் தமிழில் ‘வெளியேற்று’ என்று எழுதினாலே எல்லோருக்கும் புரிந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என் கடையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் படகுக்காரர் ஒருவர் மகள் கல்யாண போட்டோக்களை பென்டிரைவில் கொண்டுவந்தார். பிரிண்ட் எடுத்துவிட்டு ‘வெளியேற்று’வை அழுத்தப் போனேன், கையைப் பிடித்துவிட்டார். “தம்பி, உள்ள இருக்கிறதெல்லாம் போயிருமா?” அவர் கேட்டதில் தப்பே இல்லை. படகில் ஏறிய தண்ணீரை வெளியேற்றுகிறவருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் அதுதானே. ஆப்பிளின் மேக் கணினியில் டிஸ்க்கைத் திரையில் இருக்கும் குப்பைத்தொட்டிப் படத்துக்கு இழுத்துப் போட்டு எடுப்பார்கள், அதற்கு இது தேவலை, அவ்வளவுதான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், விண்டோஸ் 10-இன் 1809 பதிப்புக்கு அப்புறம் இதெல்லாம் தேவையில்லை, சும்மா பிடுங்கலாம் என்கிறார். பாதி சரி. 2018-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து பென்டிரைவில் எழுத வேண்டியதைத் தேக்கி வைக்காமல் உடனே எழுதிவிடும் ‘விரைவு அகற்றல்’ முறைதான் தானாக அமைந்திருக்கிறது. ஆனால் காப்பி ஓடும்போது பிடுங்கினால் கோப்பு போனதுதான், வலை பாதி ஏறும்போது கயிற்றை அறுத்த கதை. என்னைக் கேட்டால் பொத்தானில் ‘கழற்றப் போகிறேன்’, பிறகு ‘எழுதி முடிந்தது, இப்போது கழற்றலாம்’ என்று வரட்டும். ‘Safely Remove Hardware’ என்பதை அப்படியே பெயர்த்த ‘வன்பொருளைப் பாதுகாப்பாக அகற்று’ மட்டும் வேண்டாம். அதைப் படித்து முடிப்பதற்குள் ஆள் பிடுங்கிக்கொண்டு ராமேஸ்வரம் பஸ் ஏறிவிடுவார்.