எக்ஸ்ரேயில் தெரியாத இடுப்பு எலும்பு முறிவு
வீட்டில் வழுக்கி விழுந்த முதியவருக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் இடுப்பு எலும்பு முறியவில்லை, நடக்க வைக்கலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பெரும்பாலானவர்களுக்கு எக்ஸ்ரேயே போதும், சரி. ஆனால் எலும்பு விலகாமல் மெல்லிய கோடாக விரிசல் விட்டிருந்தால், அதிலும் எலும்பு வலுவிழந்த வயதில், அது எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். எலும்பு மஜ்ஜையில் கோக்கும் நீரையும் காட்டுவதால் எம்ஆர்ஐயில் (காந்தப்புலம் கொண்டு எடுக்கும் ஸ்கேன்) பிடிபட்டுவிடும்.

நீங்களே பார்க்கலாம்: பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் 'நைஸ்' (NICE) அமைப்பு 2011-ல் வெளியிட்ட இடுப்பு எலும்பு முறிவு வழிகாட்டி இணையத்தில் இலவசம். எக்ஸ்ரேக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ, அது 24 மணி நேரத்துக்குள் கிடைக்காவிட்டாலோ செய்யக்கூடாத நிலை என்றாலோ சிடி ஸ்கேன் என்கிறது. அதனால் பாலிகிளினிக்கில் (வெளிநோயாளர் மருத்துவ நிலையம்) எடுத்த எக்ஸ்ரேக்கு அப்புறமும் விழுந்த முதியவரால் கால் ஊன்ற முடியவில்லை என்றால், நடக்கச் சொல்லாமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.